ரெக்கைக்கு எண்ணெய்

என் நைனாவுக்கு வணக்கம். முட்டி வலி இப்ப எப்டி கீது? கள்ளிக்குப்பத்துல மழைத்தண்ணி வடிஞ்சிதா? நான் ஜெர்மனில நல்லா கீறேன்.

நான் ஜெயிச்சிட்டேன் நைனா! விமான ரெக்கைய ஒட்டிகினு ஓடுற காத்து நேரா போவாது, பக்கவாட்டுல சாயும். எவ்ளோ சாயும்னு கம்ப்யூட்டர்ல கணக்கு போட்டு படமா வரைஞ்சேன். "இவ்ளோவா?"ன்னு எங்க ஆராய்ச்சி மேடம் நம்பவே இல்ல. நேத்து ஒரு மாடல் ரெக்கைல எண்ணெய் பூசி, பெரிய ஃபேன் காத்துல வெச்சோம். காத்து இழுத்த எண்ணெய்க் கோடெல்லாம் என் படத்தோட அப்படியே ஒத்துப்போச்சு! மேடமே எழுந்து கை தட்னாங்க.

எனக்கு முடி கொஞ்சம் கொட்டுது, வேற ஒண்ணுமில்ல. நீ என் தலைக்குத் தேச்சு உடுவியே, அந்தச் செக்கு எண்ணெய் ஒரு பாட்டில் அனுப்பு. பஸ்ஸு வந்துடுச்சு, முடிச்சிக்கிறேன். இங்க ரெக்கைக்குத்தான் எண்ணெய் தேய்க்க ஆளு கீது.

உன் கவிப்பிரியா