கனத்த கித்தாரும் இரைகிற கித்தாரும்

அன்பான அண்ணே,

நீங்கள் போய் இரண்டு வருடம் ஆகிறது. நம் குழு கலையவில்லை. கல்யாணம், திருவிழா என்று கூப்பிட்ட இடமெல்லாம் போகிறோம். வாரம் முழுக்கத் தையல் ஆலை, சனி ஞாயிறு மேடை என்று எனக்கு நாள் ஓடுகிறது.

உங்கள் இடத்துக்கு ரவி என்று ஒருவர் வந்திருக்கிறார். லூமுட் ஊர்க்காரர், நல்ல விரல். போன வாரம் அவருக்குக் கித்தார் வாங்க, ஈப்போவில் நாம் வாங்கிய அதே கடைக்குப் போனோம். கடைக்காரத் தவுக்கே என்ன எடுத்து வைத்தார் தெரியுமா? பெயர் போன அந்த இரண்டு அமெரிக்கக் கம்பெனிகளின் கித்தார்களைத்தான். ஒன்று கனத்த கட்டை, தடித்த சத்தம். மற்றது இலேசு, சத்தம் தெளிவு.

உங்களுக்கு வாங்கிய அன்றைக்கு ஒரு மணி நேரம் நீங்கள் இரண்டையும் மாற்றி மாற்றி வாசித்தீர்கள். கனத்ததை மடியிலிருந்து இறக்க உங்களுக்கு மனமில்லை. எனக்கோ, மோட்டார் சைக்கிளில் விழுந்து முறிந்த உங்கள் தோள்பட்டைதான் கண்ணில் நின்றது.

“அண்ணே, நாலு மணி நேரம் நின்னு வாசிக்கணும். தோளு தாங்குமா? இலேசானத எடுங்க லா.”

“சரி, நீ சொன்னா சரிதான்,” என்றீர்கள்.

பீடோர் பக்கத்தில் ஒரு தோட்டத்துக் கோயில் திருவிழாவில் அதை முதன்முதலாக மேடையேற்றினோம். ஜெனரேட்டர் கரண்ட்; இலேசான ரகம் அந்தக் கரண்டின் இரைச்சலை இழுத்துக்கொள்ளுமாம். நீங்கள் கையை நிறுத்தும்போதெல்லாம் ஒலிபெருக்கி இரைந்தது. “கித்தாருக்குள்ள வண்டு பூந்துருச்சா?” என்று யாரோ கத்த, கூட்டமே சிரித்தது. நீங்கள் கித்தாரோடு உடம்பை மெல்லத் திருப்பிப் பார்த்தீர்கள். பக்கவாட்டில் நின்றால் இரைச்சல் அடங்கியது. அதற்குப் பிறகு நான்கு வருடம், கரண்ட் மோசமான இடத்திலெல்லாம் கூட்டத்துக்குப் பாதி முதுகைக் காட்டியே வாசித்தீர்கள். தலைக்கனம் பிடித்தவன் என்றார்கள்.

“மாத்திக்கலாமாண்ணே?” என்று ஒருமுறை கேட்டேன்.

“வேணாம் லா. இதுவே நல்லாருக்கு.”

நம்பிவிட்டேன்.

கடையில் ரவி என் பக்கம் திரும்பினார். “அக்கா, எது எடுக்கலாம்?”

இலேசானது என்று சொல்ல வாய் வரை வந்தது. “வாசிக்கப்போறது நீங்க. உங்க காது சொல்றத எடுங்க,” என்றேன். அவர் கனத்ததை எடுத்தார்.

அப்போதுதான் தவுக்கே என்னிடம் மலாய் மொழியில் மெதுவாகச் சொன்னார். பீடோர் திருவிழா முடிந்த மறுவாரம் நீங்கள் தனியாகக் கடைக்கு வந்தீர்களாம். மாற்றித் தர முடியுமா என்று கேட்டீர்களாம். கனத்தது அதற்குள் விற்றுப்போயிருந்ததாம். தங்கச்சியிடம் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டு போனீர்களாம்.

புந்தோங்கில் பஸ்ஸை விட்டு இறங்கினேன். வீட்டுக்கு வந்து அழவில்லை. அழுவதற்கும் தெம்பு வேண்டியிருக்கிறது. கோபம்தான் வந்தது. சொல்லியிருக்கலாமே அண்ணே? இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு இருந்திருப்பேன், அவ்வளவுதானே? இல்லை, போகப் போக அந்தக் கித்தார் உங்களுக்கு உண்மையாகவே பிடித்துப்போய்விட்டதா? மாரடைப்பு உங்களைக் கொண்டுபோன பிறகு இதை நான் யாரிடம் கேட்பேன்?

நேற்று ஒரு கல்யாணத்தில் ரவி புதுக் கித்தாரை வாசித்தார். துளி இரைச்சல் இல்லை. இடைவேளையில் தோளைப் பிடித்துவிட்டுக்கொண்டார்.

“வலிக்குதா?” என்று கேட்டேன்.

“வலிக்குதுக்கா. ஆனா எனக்கு இதுதான் புடிச்சிருக்கு,” என்றார்.

எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டார்! வலிக்குது, புடிச்சிருக்கு என்ற வார்த்தை நம் வீட்டில் யாருக்கும் வராது. எனக்கும் கொஞ்ச நாளாகவே ஆலையும் மேடையுமாக உடம்பு தாங்கவில்லை அண்ணே. குழுவில் யாரிடமும் சொன்னதில்லை. கேட்டால், நல்லாத்தான் இருக்கேன் என்கிறேன்.

உங்களுக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். வரும் புதன்கிழமை ஒத்திகையில், எல்லாரும் உட்கார்ந்தவுடன், எனக்கு இரண்டு மாதம் ஓய்வு வேண்டும் என்று வாய்விட்டுக் கேட்டுவிடுவேன். அவர்கள் முகம் வாடினாலும் பேச்சை மாற்ற மாட்டேன்.

மேடையில் உங்கள் பக்கத்தில் நின்றே பாடிய தங்கச்சி,
சாந்தா