பரண் மேல் நின்ற பாட்டில்

நைனா,

நாளைக்கு உன் முதல் வருஷத் திவசம். பெரிய வெண்கலப் பானையை இறக்குவதற்காகப் பரணில் ஏறினேன். பானைக்குப் பின்னால், ஓட்டுக் கூரையை ஒட்டி, அந்த பாட்டில் நின்றுகொண்டிருந்தது. சென்னை ஓட்டலிலிருந்து நீ ஓய்வு பெற்ற நாளில் அவர்கள் கொடுத்த பிரெஞ்சு சிவப்பு ஒயின். லேபிளில் தோட்டத்து இரும்புக் கதவும் அதன் பின்னால் வரிசை வரிசையாகத் திராட்சைக் கொடிகளும். அதைக் கொல்லைப்புறம் கொண்டுபோய்த் துணி துவைக்கும் கல்லில் உட்கார்ந்து, தக்கையைக் கத்தியால் குத்தினேன். பொடிப்பொடியாக உதிர்ந்தது. காடி வாசனை முகத்தில் அடித்தது.

இப்படித்தான் ஆகும் என்று நீ அன்றைக்கே சொன்னாய். "இத்த படுக்க வெக்கணும். தக்க காஞ்சா காத்து பூந்துடும்." அம்மா விடவில்லை. "சாமி படம் இருக்கிற வீட்ல இத்த படுக்க வெச்சி தாலாட்டப் போறியா? கண்ணுல படாத எடமா பாத்து நிறுத்து." நீ சிரித்துக்கொண்டே ஏணி போட்டாய். பங்குனி வெயிலில் அந்தப் பரண் எப்படிக் கொதிக்கும் என்று உனக்குத் தெரியும். தெரிந்தேதான் நிறுத்தினாய்.

அந்தத் தோட்டத்தை நீ பார்த்ததே இல்லை. ஆனால் காலை ரயிலுக்குச் சட்டை மாட்டும்போது அதன் வரலாற்றைத்தான் முணுமுணுப்பாய். நீ ஒயின் ஊற்றும் மேசையில் யாராவது கேட்டால் தடுமாறாமல் சொல்ல வேண்டுமே. காதில் விழுந்து விழுந்து எனக்கும் மனப்பாடம். துறவிகள் கல்லைப் பொறுக்கிக் கொடி நட்டது. பிரெஞ்சுப் புரட்சியில் அவர்களைத் துரத்திவிட்டு நிலத்தை ஏலம் விட்டது. ஏலம் எடுத்த வியாபாரியின் பேரன்கள் சண்டை போட்டுக்கொண்டு நடுவில் சுவர் எழுப்பியது. பிறகு வேர்ப்பூச்சி வந்து, சுவருக்கு இந்தப் பக்கம் அந்தப் பக்கம் என்று பார்க்காமல் மொத்தத்தையும் தின்றது. கடைசியில் அமெரிக்க வேரில் தங்கள் கொடியை ஒட்டுக்கட்டித்தான் மீண்டார்களாம். அந்த இடம் வந்தால் பொத்தான் போடுவதை நிறுத்திவிட்டு என் பக்கம் திரும்புவாய். "கேளும்மா, மேல கொடி அவங்களுது, கீழ வேரு அசலூர்து. இன்னிக்கும் அப்பிடித்தான் நிக்குது. எவனாச்சும் கொலம் கோத்திரம் கேட்டானா?"

நம் பங்காளிகள் கேட்டார்கள்.

ஆடிக் கிருத்திகைக்கு வரும் காவடிக்காரர்களுக்கு மலையடிவாரத்தில் நம் வகையறா போடும் சர்க்கரைப் பொங்கல். வருஷத்துக்கு ஒரு வீட்டு முறை. சமைக்கிறவர் மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொள்ள வேண்டும். சாமிக்குப் படைக்கும் முன் ருசி மட்டுமல்ல, வாசனைகூடப் பிடிக்கக் கூடாது. நீ ஓட்டலில் சேர்ந்த பிறகு உன் முறையையும் சித்தப்பாவே செய்துவந்தார். ஓய்வு பெற்று வந்து நீ கேட்டது அது ஒன்றைத்தான்.

அதற்காக நம் கூடத்தில் எல்லோரும் கூடினார்கள். பெரியப்பா நல்லவிதமாகவே ஆரம்பித்தார். "ஊத்திக் குடுத்தது பொழப்பு. அத்த யாரும் கேக்கல. நீ வாயில வெச்சதில்லன்னு ஒரு வார்த்த சொல்லிடு. முடிஞ்சிது."

"வெச்சேண்ணா," என்றாய். "தெறந்ததும் ஒரு வாய் வெச்சிப் பாத்துட்டு துப்பிடணும். கெட்டுப் போயிருந்தா எப்பிடி ஊத்தறது?"

சித்தப்பா தொடையில் தட்டிச் சிரித்தார். "துப்பிட்டாராம்! வெளிய துப்பினியா, உள்ள துப்பினியா?"

உள்ளிருந்து அம்மா பெரியப்பாவிடம் ஓடி வந்தாள். "மாமா, அவரு வெளையாட்டுக்குச் சொல்லிகினு இருக்காரு. மனசுல வெச்சிக்காதீங்க."

அப்போதாவது நீ சும்மா இருந்திருக்கலாம். "வெளையாட்டு இல்ல. அங்க கெட்டத ஊத்தினா கேக்கறதுக்கு ஆளு கீறான். இங்கதான் மூக்கக் கட்டிகினு கிண்டிட்டு, நல்லா கீதா கெட்டுப்போச்சான்னு பாக்காமலே சாமி தலையில கட்டிடறோம்."

பெரியப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். அத்துடன் உன் முறை போயிற்று.

அந்த ஆடிக் கிருத்திகைக்கு நீ காவடிக் கூட்டத்தோடு வரிசையில் நின்றாய். நானும் உன் பின்னால் நின்றேன். சித்தப்பா தொன்னையில் பொங்கல் வைத்தார்; உன் முகத்தைப் பார்க்கவில்லை. சரவணப் பொய்கைப் படியில் உட்கார்ந்து, தொன்னையை மூக்கருகே கொண்டுபோனாய். "அடி புடிச்சிருக்கு," என்றாய். பிறகு ஒரு பருக்கை மிச்சம் வைக்காமல் தின்றாய். அதைப் பார்த்துக்கொண்டிருந்தது போல வேறெதுவும் எனக்கு வலிக்கவில்லை, நீ செத்ததுகூட.

மார்கழியில் நீ போனாய். எல்லோரும் வந்தார்கள். "எங்கண்ணன் கைப்பக்குவம் யாருக்கு வரும்?" என்று சித்தப்பா உன் தலைமாட்டில் நின்று அழுதார். எப்போது சாப்பிட்டாராம்?

அவர்களை வெறுப்பது எளிது. உன்னிடம்தான் எனக்குக் கணக்குத் தீரவில்லை. ஒரு வார்த்தை போதும் என்றார்கள். பொய் என்று தெரிந்தும் வாங்கிக்கொள்ளத் தயாராக இருந்தார்கள். நீ உன் நாக்கைச் சுத்தமாக வைத்துக்கொண்டாய். அம்மா அன்றிலிருந்து நம் தெருவில் ஒரு வளைகாப்புக்குக்கூடப் போகவில்லை. அவளை யாரும் கூப்பிடாமல் இல்லை. கூப்பிடும் குரலில் இருந்த இரக்கம் அவளுக்குப் பிடிக்கவில்லை. உன் உண்மைக்கு விலை கொடுத்தவள் அவள். ஓட்டலில் ஒரு வாய் துப்பியதை எந்தச் சாமி கேட்டது, நைனா?

இதையெல்லாம் நினைத்துக்கொண்டுதான் அந்த ஒயினை எவர்சில்வர் டம்ளரில் ஊற்றினேன். சிவப்பு போய்ச் செங்கல் நிறமாகியிருந்தது. ஒரு வாய் வைத்தேன். பல் கூசியது. துப்பினேன்.

அந்த நேரம் பார்த்துக் கொல்லைக் கதவைத் தள்ளிக்கொண்டு சித்தப்பா வந்தார், நாளைக்கு வேண்டிய வாழையிலைக் கட்டோடு. கல்லின் மேல் பாட்டில். கையில் டம்ளர். இலையைக் கீழே வைத்துவிட்டு உள்ளே எட்டிப் பார்த்தார், அம்மா வருகிறாளா என்று. பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"இன்னாம்மா இது? அண்ணன் பாட்டிலா? கீழ கொட்டத்தான தெறந்த? நீ ஒண்ணும் வாயில வெக்கலியே?"

பதிலையும் அவரே என் கையில் கொடுத்துவிட்டார், அன்று பெரியப்பா உன்னிடம் கொடுத்தது போல. நாளைக்குத் திவசம். உள்ளே அம்மா அரிசி களைந்துகொண்டிருந்தாள். ஒரு தலையாட்டல் போதும்.

"வெச்சேன் சித்தப்பா," என்றேன். "கெட்டுப் போயிருக்கு."

அவர் போய்விட்டார். நான் இன்னும் வாய் கொப்பளிக்கவில்லை.