தவீரா வீதியில் ஒரு கதிரை

2 மார்ச் 2025, ஞாயிறு. நார்த்மீட், சிட்னி

மெல்பேர்னிலிருந்து குடும்பத்தோடு வந்திருந்த சுபாங்கன் மாலை புறப்பட்டுப் போய்விட்டான். வீடு மறுபடி என் கைக்கு வந்திருக்கிறது. குசினியில் கரண்டிகள் எல்லாம் இடம் மாறிக் கிடக்கின்றன. மருமகள் பிரவீணா அடுக்கினால் அப்படித்தான்.

மத்தியானச் சாப்பாட்டில் ஒரு சின்ன விஷயம் பெரிதாகிவிட்டது. பேத்தி ராகவி, "அப்பம்மா, நான் இந்தச் சேர்ல இருக்கட்டா?" என்றாள். சேர் ஆங்கிலம், கதிரை என்று சொல் என்றேன். கதிர் என்றால் ஒளி, ஒளியோடு வீற்றிருக்கும் ஆசனம் கதிரை என்று விளக்கமும் கொடுத்தேன். பிரவீணா கோயம்புத்தூர்க்காரி. "எங்க ஊர்ல கதிரைன்னா யாருக்கும் தெரியாது அத்தை" என்றாள்.

"உங்கட ஊரில தமிழ் தேய்ஞ்சு போச்சுது. எங்களிட்டத்தான் சுத்தமா இருக்கு" என்றேன்.

ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள். சுவரில் மாலையோடு இருந்த இவருடைய படத்தை, அவள் மாமாவின் படத்தைப் பார்த்தாள். வாயை மூடிக்கொண்டாள். பதில் இல்லாதவர்கள் இப்படித்தான் எங்கேயாவது பார்ப்பார்கள்.

பிறகு சுபாங்கன் வீட்டுக் கதையை எடுத்தான். ட்ருகனினாவில் அவர்கள் கட்டுகிற புது வீட்டில் கீழே எனக்கு ஓர் அறை, தனிக் குளியலறை. இந்த வீட்டை விற்றுவிட்டு வந்துவிட வேண்டுமாம். "படியில விழுந்தது காணாதே அம்மா, இன்னும் விழோணுமோ?" என்கிறான். மே மாதம் என்னைப் போர்த்துக்கல் கூட்டிப் போவதாகச் சொல்லியிருக்கிறான், போய் வந்து முடிவு சொல்கிறேன் என்றேன்.

மகனோடு இருக்க எனக்கென்ன தடை? ஆனால் அங்கே குசினி பிரவீணாவுடையது. வீட்டில் நடக்கிற பேச்சும் அவளுடையது. கலியாணமான நாளிலிருந்து ஒரு தரம்கூட என்னை 'மாமி' என்று கூப்பிட்டதில்லை. அவளுக்கு மாமி என்றால் அடுத்த வீட்டு ஐயரம்மாவாம். நான் அவளை 'நீர்' என்று மரியாதையாகச் சொன்னால், "சாமி படத்துல பேசற மாதிரி இருக்கு அத்தை" என்று சிரிக்கிறாள். கன்னியர் மடத்தில் படித்தவள் நான். எல்லோரையும் நீ, வா, போ என்று பேச எனக்கு வராது. இவர் முதல் நாளே அவளைப் 'பிள்ளை' என்று கூப்பிடத் தொடங்கிவிட்டார். இவருக்கு எல்லாம் சுலபம்.

9 மார்ச்

மழை. வெளியே போகவில்லை. பழைய படங்களை எடுத்துப் பார்த்தேன்.

செந்தில்நாதன். இவருடைய பெயரை எழுதிப் பார்க்கிறேன், வாயால் ஒருநாளும் சொன்னதில்லை. எழுபத்தெட்டில் இவர் சரக்குக் கப்பலில் இன்ஜினியர். அதிகாரிகளின் மனைவிமாரைக் கூட்டிச் செல்ல அனுமதி இருந்தது. இயந்திரம் பழுதாகிக் கப்பல் போர்த்துக்கலின் தென்கரையில், போர்த்திமாவோ துறையில் நின்றுவிட்டது. ஒரு நாள் காலை, "இஞ்சரும், தவீரா எண்ட ஊரில உப்பளம் இருக்காம். ஒருக்காப் பாத்திட்டு வருவம்" என்றார். இவருடைய அப்பா ஆனையிறவு உப்பளத்தில் வேலை செய்தவர். உப்பு என்றால் இவருக்கு விட முடியாது.

ஒரு கிழவர் கார் கொண்டுவந்தார். கரும்பச்சைக் கார், உள்ளே புளிப்பும் இனிப்புமாகத் தோடம்பழ வாசனை. கரையோரமாகப் பழைய வீதியில் போனோம். வெள்ளை வீடுகள், தந்தக் கடைசல் மாதிரிப் புகைபோக்கிகள். இவர் முன்னுக்கு இருந்துகொண்டு "யன்னல்" என்றார். கிழவர் கண்ணாடியை ஏற்றினார். "சப்பாத்து" என்று தன் காலைக் காட்டினார். கிழவர் தலையாட்டினார். இடையில் ஒரு கோப்பிக் கடையில் நிறுத்தியபோது, கிழவர் எனக்கு ஒரு கதிரையை இழுத்துப் போட்டு, கதிரை என்றே சொன்னார்.

இவர் என்னைப் பார்த்துச் சிரித்தார், கண்ணில் தண்ணீர் வரும்வரை. "உம்மட சுத்தத் தமிழ் எங்கயிருந்து வந்ததெண்டு இப்ப விளங்குதோ?"

எனக்கு விளங்கியது வேறு. முதல் நாளே போய் அந்தக் கிழவருக்குச் சொல்லிக் கொடுத்து ஒத்திகை பார்த்திருக்கிறார். கப்பலில் என்னை எத்தனை தரம் இப்படி ஏமாற்றியிருப்பார்! அப்படி ஒன்றும் இல்லை என்று சத்தியம் செய்தார். நம்பவில்லை. பிற்காலத்தில் வானொலியில் யாராவது தமிழில் கலந்த பிறமொழிச் சொற்கள் என்று பேசத் தொடங்கினால், இவர் என் முகத்தைப் பார்ப்பார். நான் வானொலியை நிறுத்திவிடுவேன்.

என்ன அழகான நாடகம் அது. நீல நைலக்ஸ் சேலை உடுத்தியிருந்தேன்.

3 ஏப்ரல்

வெஸ்ட்மீட்டில் இதய மருத்துவர் பறக்கலாம் என்றார். "யார் கூட வாறது?" என்று கேட்டார். மகன் என்றேன்.

21 ஏப்ரல்

மகன் வரவில்லை.

வேலையில் ஏதோ புதுத் திட்டமாம், மே மாதம் லீவு இல்லையாம். அவனுக்குப் பதிலாகப் பிரவீணா வருகிறாளாம். ராகவியை இவன் பார்த்துக்கொள்வானாம். எல்லாம் பேசி முடித்துவிட்டு எனக்குச் சொல்கிறார்கள்.

நான் என்ன சாமானே, ஆள் மாத்தி ஆள் தூக்க? இவரோட போன வழியில அவளோட போறதோ? வேண்டாமெண்டு சொல்லிப்போடுவம் எண்டு ரெலிபோனை எடுத்தன். வைச்சிட்டன். வேண்டாமெண்டால் இனி எப்ப? அடுத்த வருசம் முழங்கால் விடுமோ?

போகிறேன். அவள் பேசினால் பதில் சொல்வேன். அவ்வளவுதான்.

11 மே. போர்த்திமாவோ

வந்து சேர்ந்தாயிற்று. ஆறு அதே ஆறு. நாங்கள் நின்ற துறை எது என்று பிடிபடவில்லை. மீன் வாடி இருந்த பக்கமெல்லாம் சாப்பாட்டுக் கடைகள். சுட்ட மத்தி மீன் வாசனை மட்டும் மாறவில்லை.

விமானத்தில் என் காலுக்குக் கீழே வைக்கத் தன் பையைத் தந்தாள் பிரவீணா. நன்றி சொன்னேன். "எதுக்கு அத்தை தேங்க்ஸ் எல்லாம்" என்றாள். நன்றிக்கு என்ன பதில் சொல்வது என்று அந்த ஊரில் பழக்குவதில்லை போலும்.

13 மே, செவ்வாய். தவீரா

எழுத நிறைய இருக்கிறது. கை மெதுவாகத்தான் போகிறது.

ஹோட்டலில் சொல்லி ஒழுங்கு செய்த கார் காலையில் வந்தது. சாம்பல் நிறம். ஓட்டி வந்தவர் ஒரு பெண், அறுபது வயதிருக்கும், லூர்தெஸ் என்று பெயர். ஆங்கிலம் அரைகுறை. முன் கண்ணாடிக்குக் கீழே பாத்திமா மாதாவின் சின்னப் படம். இன்று மாதாவின் நாள் என்று ஒரு ரோஜாவும் செருகியிருந்தார். மே மாதம் முழுக்க மாதாவுக்குப் பூ வைத்து வளர்ந்தவர்கள் நாங்கள், சைவப் பிள்ளைகளும் சேர்த்துத்தான். "பாத்திமா" என்றேன். நெஞ்சில் கையை வைத்துக்கொண்டார்.

அவர் பெருந்தெருவில் போகப் பார்த்தார். எனக்குப் பழைய வீதிதான் வேண்டும் என்றேன். பிரவீணா மறுபேச்சுப் பேசவில்லை. தொலைபேசியில் ஏதோ தட்டி அவரிடம் காட்டினாள். வண்டி திரும்பியது.

பழைய வீதி பழையதாக இல்லை. வட்டச் சந்திகள், பல்பொருள் அங்காடிகள். இடையிடையே மட்டும் ஒரு வெள்ளை வீடு, அதே கடைசல் புகைபோக்கி. வலைப்பையில் தொங்கும் செம்மஞ்சள் தோடம்பழம். மின்கம்பத்தில் கூடு கட்டி ஒற்றைக் காலில் நிற்கும் நாரை. ஒவ்வொன்றையும் காணும்போது முன் இருக்கையைப் பார்த்தேன். அங்கே பிரவீணாவின் தலை.

லூர்தெஸ் ஏதோ கேட்டார். எனக்குப் பிடிபட்டது 'ஜனேலா' மட்டும். "ஓம், யன்னலைப் பூட்டுங்கோ, காத்து அடிக்குது" என்று சொல்லிவிட்டேன். கண்ணாடி ஏறியது. பிரவீணா திரும்பிப் பார்த்தாள். நான் வெளியே பார்த்தேன். ஒரு சொல் ஒத்துப்போகலாம். உலகத்தில் எத்தனை சொற்கள்.

பாதி வழியில் கோப்பி குடிக்க நிறுத்தினோம். மரத்தடியில் இருந்த இடமெல்லாம் ஆட்கள். நான் முழங்காலைப் பிடித்துக்கொண்டு நிற்பதைக் கண்ட லூர்தெஸ் கடைக்குள் பார்த்துக் கூப்பிட்டார். "ஊமா கதைரா! ஊமா கதைரா பாரா அ சென்யோரா!"

உள்ளே இருந்து ஒரு அம்மா கதிரையைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

நான் இருக்கவில்லை. நின்றேன்.

ஆர் இவவுக்குச் சொல்லிக் குடுத்தது? முதல் நாளே போய் ஒத்திகை பாக்க இவர் இல்லையே. இவர் இல்லை.

அன்று இவர் செய்தது சத்தியம். சிரித்துச் சிரித்துச் செய்த சத்தியம். ஆயுள் முழுக்க என் முகத்தைப் பார்த்தாரே, எப்போது நம்புவேன் என்று.

பிடித்து இருத்திவிட்டாள் பிரவீணா. தண்ணீர் தந்தாள். இனிச் சிரிப்பாள், தேய்ந்த தமிழ் யாருடையது என்று கேட்பாள், கேட்க அவளுக்கு உரிமை இருக்கிறது என்று காத்திருந்தேன். சிரிக்கவில்லை.

"எனக்குத் தெரியும் அத்தை" என்றாள்.

"என்ன தெரியும்?"

"கதிரை. அது இவங்களோட வார்த்தை. மாமா சொல்லியிருக்காரு."

இவருக்கு வெஸ்ட்மீட்டில் டயாலிசிஸ் நடந்த காலம் சுபாங்கன் குடும்பமும் சிட்னியில்தான் இருந்தது. வாரா வாரம் காரில் கூட்டிப் போனவள் பிரவீணா. இவர் அந்தக் காரில் இருந்துகொண்டு பழைய கரும்பச்சைக் காரைப் பற்றிப் பேசியிருக்கிறார்.

"மாமா என்ன சொன்னாருன்னு சொல்லட்டுமா?" என்று கேட்டுவிட்டு, குரலைத் தாழ்த்தி அப்படியே பேசிக் காட்டினாள். "'பிள்ளை, நீ அவவிட்டச் சொல்லிப்போடாத. சொன்னா நம்பமாட்டா. நீயும் நானும் சேந்து நாடகம் போடுறம் எண்டுவா. ஒருக்கா அங்க கூட்டிக்கொண்டு போகோணும். தானாக் கேக்கோணும்.'"

அவள் வாயில் இவருடைய தமிழ். இழுக்கிற இடத்தில் இழுத்து, விடுகிற இடத்தில் விட்டு. உன்னிப்பாகக் கேட்டேன். திருத்த ஓர் இடமும் இல்லை.

"அப்ப மார்ச் மாசம் ஏன் சொல்லேல்லை? நான் உங்கட ஊரையே இழுத்துச் சொன்னனே."

"மாமாகிட்ட வாக்கு குடுத்திருக்கேன்ல. அப்புறம் ராகவி உக்காந்திருக்கா. அவ முன்னாடி உங்களப் போய் எப்படி அத்தை..."

அந்தப் படத்தை அன்று ஏன் பார்த்தாள் என்பது இப்போது தெரியும். இந்தப் பயணம் யாருடைய யோசனை என்பதையும் இனிக் கேட்கத் தேவையில்லை.

புறப்படும் நேரம் லூர்தெஸ் பையைக் குடைந்தார், மேசைக்கு அடியில் குனிந்தார். "ஷாவ், ஷாவ்" என்று தனக்குள் புலம்பினார்.

"சாவியா?" என்றாள் பிரவீணா.

கார்ச் சாவி கோப்பிக் கோப்பைக்குப் பின்னால் கிடந்தது. எடுத்துக் கொடுத்தவள் அப்படியே நின்றுவிட்டாள். "அத்தை, சாவியும் இவங்களோடதா?"

"எனக்கென்ன தெரியும்? நாங்கள் திறப்பு எண்டுதான் சொல்லுறது" என்றேன்.

"அத மட்டும் விட்டுடாதீங்க."

சிரித்துவிட்டேன். அவளும். லூர்தெஸ் என்னவென்று விளங்காமல் தானும் சிரித்தார். மிச்ச வழி முழுக்கப் பிரவீணா பின் இருக்கையில் என்னோடு இருந்தாள். நீல நைலக்ஸ் சேலைவரை எல்லாம் கேட்டாள். சொன்னேன். இதை நான் யாருக்கும் முழுதாகச் சொன்னதில்லை.

14 மே

உப்பளம் பார்த்தோம். வெள்ளைக் குவியல்கள், கண் கூசுகிறது. இவர் அன்று ஒரு கல்லை நாக்கில் வைத்து, "ஆனையிறவு உப்பைவிடக் கரிப்புக் குறைவு" என்றார். நான் இல்லை என்று வாதாடினேன். இன்று ஒரு கல்லை வைத்துப் பார்த்தேன்.

குறைவுதான்.

8 ஜூன். நார்த்மீட்

பக்கத்துத் தெரு யோகா வந்தாள். "என்னண்டு அன்ரி மருமகளோட சமாளிச்சனீங்கள்?" என்று கேட்டாள். அவளுக்கு ஒரு கதை வேண்டியிருந்தது. கொடுக்க என்னிடம் இல்லை.

பின்னேரம் சுபாங்கனை அழைத்தேன். புது வீட்டில் கீழ் அறை யன்னல் எந்தப் பக்கம் பார்க்கிறது என்று கேட்டேன். கடதாசி புரட்டும் சத்தம் கேட்டது. பிறகு, "கிழக்கு அம்மா" என்றான்.

30 ஆகஸ்ட், சனி. ட்ருகனினா

சாமான் லொறி மத்தியானம்தான் வந்தது. இங்கே காற்று விசர் பிடித்த மாதிரி அடிக்கிறது. அலுமாரி படியில் இடித்து மூலை போய்விட்டது. சுபாங்கனும் பிரவீணாவும் இவருடைய மரக் கதிரையை ஆளுக்கொரு பக்கம் தூக்கிவந்து அறை நடுவில் வைத்தார்கள். ராகவி அதில் ஏறி இருந்துகொண்டு இறங்கமாட்டேன் என்றாள்.

பிரவீணா சுற்றிப் பார்த்துவிட்டுக் கேட்டாள். "அத்தை, கதிரைய ஜன்னலோரமா போடட்டுமா?"

மாமி, யன்னல் என்று அந்த ஒரு வசனத்தில் எனக்குத் திருத்த இரண்டு இடம் இருந்தது.

"ஓம் பிள்ளை" என்றேன். "அங்கயே போடு."