வெள்ளை ஒயரில் என் கையெழுத்து

உன் ஸ்பீக்கர்களை எடுத்துப் போக இன்று மதியம் உன் அம்மாவும் அண்ணனும் வந்திருந்தார்கள். அவற்றில் மாட்டியிருந்த உன் விலையுயர்ந்த கேபிளைக் கழற்றிச் சுருட்டி வைப்பதற்காக அலமாரி மேலிருந்த அதன் மரப்பெட்டியை இறக்கினேன். மூடியைத் தூக்கியதும் அதே வாசனை. புது ரப்பரும் பாலிஷ் போட்ட மரமும் கலந்த வாசனை. பெட்டியை முதன்முதலாகத் திறந்த அன்று நீ அதில் முகத்தை வைத்து, "ஒயருக்குக்கூட ஒரு மணம் வச்சிருக்கான் பாருடி" என்று சிரித்தாய்.

"இத வித்தா பாதியாவது வருமா?" என்றார் உன் அண்ணன்.

"எவன் வாங்குவான்? இந்த ஒயராலதான் அவ பேரே கெட்டுச்சு" என்றார் அம்மா. உன் காரியத்துக்கு வந்தவர்கள் சாப்பிட்டுக்கொண்டே பேசியது அவர் காதில் விழுந்திருக்கிறது. ரயில்வே பணிமனையில் வேலை பார்க்கிற பெண், அரை மாதச் சம்பளத்தைக் கொண்டுபோய் ஒயரில் போட்டு ஏமாந்தவள். இப்படித்தான் உன்னை நினைவு வைத்துக்கொள்ளப் போகிறார்கள்.

அண்ணன் என்னைப் பார்த்தார். "நீங்க நெறைய படிக்கிறவங்க. கூடவே இருந்தவங்க. சொல்லுங்க, அவ ஏமாந்துட்டாளா?"

பதில் எனக்கு ஆறு மாதமாகத் தெரியும். உனக்குத்தான் சொல்லவில்லை.

இந்த மாடிப் போர்ஷனுக்கு நாம் வந்த வருஷம் அந்தப் பழைய ஸ்பீக்கர்களை ஆட்டோவில் மடியில் வைத்துக் கொண்டுவந்தாய். நீ ஷிப்டுக்குப் போயிருந்த நேரத்தில் நான் மன்னார்புரத்துக் கடை ஒன்றில் சாதாரண வெள்ளை இரட்டை ஒயர் வாங்கிவந்து மாட்டிவிட்டேன். சும்மா மாட்டவில்லை. உங்கள் பணிமனையில் ஒருவர் வேலையை முடித்துக் கையெழுத்துப் போட்டுவிட்டால், அவரைக் கேட்காமல் இன்னொருவர் அதைத் திறக்க மாட்டார் என்று சொல்லியிருந்தாய் அல்லவா? அந்த விளையாட்டில் ஒயரின் மேல் ஒரு துண்டு டேப் ஒட்டி, 'சரி' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டு வைத்தேன்.

நீ கண்ணை மூடி முழுப் பாட்டையும் கேட்டாய். பிறகு, "பாடுறவங்க எங்க நிக்கிறாங்கன்னே தெரியலடி. ரெண்டு பெட்டியும் ஒன்னோட ஒன்னு சண்டை போடுது" என்றாய்.

"எனக்கு நல்லாத்தான் கேக்குது. உன் காதுக்கு எண்ணெய் விடு."

"சரியா மாட்டினியா?"

"கையெழுத்தே போட்டிருக்கேன், பாரு."

டேப்பைப் பார்த்தாய். அதற்குப் பிறகு நீ அந்த ஒயரைச் சோதித்துப் பார்க்கவே இல்லை. உன் காதை எனக்குத் தெரியும். நீண்ட ஸ்க்ரூ டிரைவரின் முனையைச் சுழலும் பேரிங்கின் மூடியில் வைத்து, கைப்பிடியைக் காதோரம் வைத்துக்கொண்டே, உள்ளே எந்தக் குண்டு தேய்ந்திருக்கிறது என்று சொல்கிறவள் நீ. கொள்ளிடம் பாலத்தில் போகிற ரயிலைப் படுத்தபடியே கேட்டு, "நாலாவது பெட்டிக்குச் சக்கரம் சரியில்ல" என்பாய். அப்படிப்பட்டவள் என் கையெழுத்தை மதித்து, குறையை வேறு எங்கெங்கோ தேடினாய். ஸ்பீக்கரை நகர்த்தினாய். சுவரில் போர்வை தொங்கவிட்டாய். கடைசியில் இரவல் வாங்கிய ஆடியோ பத்திரிகைகளைப் படித்து, குறை ஒயரின் தரத்தில்தான் என்று முடிவு கட்டினாய்.

கேபிள் வந்த ஞாயிறு நன்றாக நினைவிருக்கிறது. சித்திரை வெயில். நீ ஃபேனை நிறுத்தினாய், ஃப்ரிட்ஜ் பிளக்கைப் பிடுங்கினாய், ஜன்னலைச் சாத்தினாய். பாட்டுக் கேட்கிற அரைமணி நேரமும் நாம் வியர்வையில் நனைவது வழக்கம்தான். சிவப்பு முனையைச் சிவப்பில், கருப்பைக் கருப்பில் நீயே மாட்டினாய். தம்பூரா தொடங்கியது. அடுத்து, பாடுகிற அந்த அம்மாளின் குரல்.

அது இடப்பக்கப் பெட்டியிலிருந்தும் வரவில்லை, வலப்பக்கப் பெட்டியிலிருந்தும் வரவில்லை. இரண்டுக்கும் நடுவே, காலண்டர் மாட்டியிருந்த வெறும் சுவருக்கு ஓர் அடி முன்னால், ஓர் ஆள் உயரத்தில் நின்றது. பாடுவதற்கு முன் அவர் மூச்சை இழுத்ததைக்கூடக் கேட்டேன். எனக்கு மயிர் கூச்செறிந்தது. நீ எழுந்துபோய், அங்கே யாரோ இருப்பதைப் போல மெதுவாகக் கையை நீட்டினாய். காலண்டர் தாள்தான் சலசலத்தது. திரும்பி என்னைப் பார்த்தபோது உன் கண் கலங்கியிருந்தது. "வந்துட்டாங்கடி" என்றாய்.

அடுத்த வாரமே நான் சண்டைக்கு வந்துவிட்டேன். நூலகத்தில் வேலை பார்க்கிறவளுக்குப் படிக்கக் கேட்கவா வேண்டும்? வீட்டில் ஓடுகிற நாலு மீட்டர் செம்புக் கம்பியில் விலையால் காதுக்குத் தெரிகிற வித்தியாசம் வராது என்று பக்கம் பக்கமாக வாசித்துக் காட்டினேன். "படிச்சதெல்லாம் சரி. அன்னிக்கு உனக்கு ஏன் கூச்செறிஞ்சுது?" என்று கேட்டாய். நான் அடுத்த பக்கத்தைப் புரட்டினேன். உன்னுடன் வேலை பார்ப்பவர்கள் உனக்கு 'ஒயர் மகாராணி' என்று பெயர் வைத்தார்கள். நானும் அப்படியே கூப்பிட்டேன்.

போன ஆடியில் நீ பதினெட்டாம் பெருக்குக்கு காவிரிக்கரை அம்மா மண்டபத்துக்குப் போயிருந்தபோது வீட்டை ஒழித்துச் சுத்தம் செய்தேன். அலமாரிக்குப் பின்னால் அந்த வெள்ளை ஒயர் கிடைத்தது. ஒயரின் இரண்டு இழைகளும் வெள்ளைதான், ஆனால் ஓர் இழையின் மேல் மெல்லிய வரம்பு ஒன்று ஓடும். விரல் வைத்துத் தடவினால்தான் தெரியும். எந்த இழை கூட்டல் என்று தெரிவதற்காக முனைகளில் குறி போட்டு நான் ஒட்டிய டேப் துண்டு, ஒரு ஸ்பீக்கருக்குப் போன ஒயரில் மட்டும், ஒரு முனையில் வரம்புள்ள இழையில் இருந்தது, மறுமுனையில் வழவழப்பான இழையில் இருந்தது. ஒரு ஸ்பீக்கரை மட்டும் தலைகீழாக மாட்டியிருக்கிறேன். ஒன்று காற்றை முன்னே தள்ளும்போது மற்றது பின்னே இழுத்திருக்கிறது. நடுவில் நிற்க வேண்டிய குரலை இரண்டும் சேர்ந்து அழித்திருக்கின்றன.

சண்டை போடுகின்றன என்று நீ சொன்னாயே, அது வெறும் பேச்சு இல்லை. அப்படியே நடந்திருக்கிறது. கண்ணை மூடிக்கொண்டு, கையில் ஒரு கருவியும் இல்லாமல், காற்றுக்குள் நடந்ததை நீ உள்ளபடி சொல்லியிருக்கிறாய். ஒயரைக் கையில் பிடித்தபடி தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். முதலில் வந்தது வியப்புதான், வெட்கம்கூடப் பின்னால்தான் வந்தது.

நீ ஈரப் புடவையுடன், கையில் மஞ்சள் சரடுடன் வந்தாய். நாளைக்குச் சொல்லலாம் என்று ஒயரைப் பரணில் போட்டேன். நாளை நாளை என்று ஐப்பசி வந்தது. உனக்குக் காய்ச்சல் வந்தது.

இதையெல்லாம் இன்று உன் அண்ணனிடம் சொன்னேன். "கேட்டுப் பாக்கலாமா?" என்றார் அம்மா.

ஃபேனை நிறுத்தினேன். ஃப்ரிட்ஜ் பிளக்கைப் பிடுங்கினேன். பரணிலிருந்த வெள்ளை ஒயரை எடுத்து, என் கையெழுத்துப்படியே, தப்பாகவே முதலில் மாட்டினேன். அதே பாட்டு. அம்மா இந்தப் பெட்டியையும் அந்தப் பெட்டியையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு ஒரே ஒரு ஸ்பீக்கரில் இரண்டு இழைகளையும் இடம் மாற்றினேன்.

குரல் வந்து நின்றது. அதே இடத்தில். அம்மா சட்டென்று நிமிர்ந்தார். நாற்காலியை இழுத்து ஒதுங்கி உட்கார்ந்தார், நிற்பவருக்கு இடம் விடுகிறவரைப் போல. அண்ணன் முகத்தைத் துடைத்துக்கொண்டார். வியர்வையாகவும் இருக்கலாம்.

"அப்ப அந்த வெலை ஒயர்?" என்று பாட்டு முடிந்ததும் கேட்டார்.

"அதுவும் நல்ல ஒயர்தான் அண்ணே. இதுவும் நல்ல ஒயர்தான். எனக்கு ரெண்டுக்கும் வித்தியாசம் தெரியல. தப்பா இருந்தது என் கை. அவ ஏமாறல, சரியாத்தான் கேட்டா."

அம்மா எழுந்துபோய் டேப்பைப் பார்த்தார். கணவரும் மகளும் ரயில்வேயில் உழைத்த வீடு அவருடையது. "இத எடுத்துட்டு வேற ஒட்டும்மா. தப்பக் கண்டுபிடிச்சவ பேரு இருக்கணும்ல" என்றார்.

என் கையெழுத்தை உரித்துவிட்டு, புது டேப்பில் 'சரி' என்று எழுதி, கீழே உன் பெயரின் முதல் எழுத்தைப் போட்டேன். அந்த வெள்ளை ஒயரோடுதான் உன் ஸ்பீக்கர்கள் போயிருக்கின்றன. காரியத்தில் பேசியவர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு உட்கார வைத்துக் கேட்க வைக்கப் போவதாக அண்ணன் சொன்னார். விலைக் கேபிளையும் அதன் மரப்பெட்டியையும் அம்மா என்னிடமே விட்டுவிட்டார்.

இப்போது அறையில் வெறும் சுவரும் காலண்டரும்தான். ஆனாலும் அடுக்களைக்குப் போகும்போது குரல் நின்ற அந்த ஓர் அடி இடத்தை மிதிக்காமல் சுற்றித்தான் போகிறேன்.