திமிங்கிலப் பல்லை விடாத கை

சவுசவு, ஃபிஜி,
ஞாயிறு மாலை.

அன்பு மகள் உனைசிக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. கர்த்தருடைய கிருபையால் நாங்கள் சுகம். ஆக்லாந்துக் குளிரில் நீயும் சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். போனில் சொல்லலாம் என்றால் உன் அப்பா பக்கத்திலேயே உட்கார்ந்து காதைத் தீட்டிக்கொண்டிருக்கிறார். அதனால்தான் அங்கே வரும் போதகரின் மனைவியிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

முதலில் நல்ல சேதி. நேற்று உன் டெவிட்டாவின் வீட்டு ஆட்கள் நம் முறைப்படி திமிங்கிலப் பல்லோடு வந்து உன்னைப் பெண் கேட்டுவிட்டார்கள். நாங்களும் வாங்கிக்கொண்டோம். வாங்கியது சித்தப்பா இல்லை, உன் அப்பாவேதான்.

பக்கவாதம் வந்ததிலிருந்து அவருடைய வலது கை மூடியது மூடியபடியே இருந்தது உனக்குத் தெரியும். யங்கோனா வேர்ச்சாறு குடிக்க யாராவது கூப்பிட்டால், ருசி விட்டுப்போய்விட்டது என்பார். ருசியாவது மண்ணாவது! கிண்ணத்தை வாங்குமுன் இரண்டு கையையும் குவித்துத் தட்ட முடியவில்லையே என்ற வெட்கம்.

போன மாதம் ஆஸ்பத்திரியில் பயிற்சி கொடுக்கும் லிட்டியா ஓர் இயந்திரக் கையுறை கொடுத்தாள். விரல்களின் மேல் கம்பிகள் ஓடும், இடுப்பில் ஒரு பெட்டி. அவர் விரலைத் திறக்கக் கொஞ்சம் முயன்றால் போதும், மீதியை அது கிர்ரென்று இழுத்துத் திறந்துவிடும். பேய்க்கணவாய் கையைப் பிடித்த மாதிரி இருக்கிறது என்று முதல் நாள் கழற்றி எறிந்த மனிதர், பெண் கேட்டு வருகிறார்கள் என்றதும் அதைக் கழற்றவே இல்லை. பப்பாளிப் பழங்களை எடுத்து எடுத்து வைத்துப் பழகினார். நசுங்கியதையெல்லாம் நான்தான் தின்று தீர்த்தேன்.

நேற்றுக் காலை விலியமே சித்தப்பா தேய்த்த சட்டையோடு வந்து, அண்ணனுக்குப் பதிலாகத் தானே வாங்கிவிடுவதாகச் சொன்னார். ஒற்றைக் கையால் வாங்கினால் வந்தவர்களுக்கு அவமரியாதை ஆகிவிடுமே என்று அவருக்குக் கவலை. உன் அப்பா விடவில்லை. "என் பொண்ணுக்கு நான்தான்டா ரெண்டு கையும் நீட்டணும். நீ ஓரமா உக்காரு."

அவர்களுடைய பேச்சாளர் பேசினார், பேசினார், என் மீன் அடிபிடிக்கும்வரை பேசினார். ஒருவழியாகப் பல்லை நீட்டினார். அப்பா இரண்டு கையையும் நீட்டினார். விரல்கள் திறந்தன, பல்லைப் பிடித்தன. வழக்கப்படி அதை முகர்ந்துவிட்டு, ஏற்றுக்கொண்டோம் என்று கணீரென்று சொன்னார். நான் பாய் ஓரத்தில் உட்கார்ந்து அழுதுவிட்டேன்.

அதன் பிறகுதான் வம்பு. முறைப்படி பல்லைச் சித்தப்பாவிடம் கொடுத்துவிட்டுக் கையைக் குவித்துத் தட்ட வேண்டும். விரல்கள் திறந்தால்தானே! பெட்டி கிர் கிர் என்கிறது, கை இன்னும் இறுகுகிறது. சித்தப்பா இழுத்துப் பார்த்தார், வரவில்லை. அப்பாவுக்கு வியர்த்துக் கொட்டியது. அப்போது டெவிட்டாவின் பெரியப்பா மெல்லச் சொன்னார்: "நாங்க குடுத்த பல்லையே விடமாட்டேங்கிறாரு. பொண்ணை எப்படி விடப்போறாரோ?"

வீடே சிரித்தது. அப்பாவும் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். அந்தச் சிரிப்பில் கை தளர்ந்து, பல் மடியில் விழுந்தது. உடனே தட்டினாரே பார்க்கணும். கையுறையோடு பொத் பொத்தென்று ஈரத்துணியை அடித்த மாதிரிச் சத்தம். அவரோடு எல்லோரும் தட்டினார்கள். பிறகு யங்கோனா சட்டி காலியாகும்வரை அவரை எழுப்ப முடியவில்லை.

ஆகவே, அப்பாவின் கையைக் காரணம் காட்டி அந்தப் பையனை இனியும் காக்கவைக்காதே. கல்யாணத்தை இந்த வருடமே வைத்துக்கொள்ளலாம்.

இன்னொன்று. பேட்டரி தீர்ந்ததால்தான் விரல் திறக்கவில்லை என்று ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டிருக்கிறார். மனசு இறுகினால் கையும் இறுகும் என்று லிட்டியா கையுறை கொடுத்த அன்றே சொன்னாள். பேட்டரியை நேற்றுக் காலை முழுக்கச் சார்ஜ் ஏற்றியது நான்தான். நான் ஒன்றும் கேட்டுக்கொள்ளவில்லை. நீயும் கேட்காதே. கல்யாணத்துக்குக் கொஞ்ச நாள் முன்னாலேயே வந்து, அவர் பக்கத்தில் சும்மா உட்கார்ந்திரு அம்மா.

கர்த்தர் உன்னைக் காப்பாராக.

அன்புடன்,
அம்மா லொசலினி