கால் சுற்று, வலப்பக்கம்

சும்மா இரும் வே. வலது பக்கம்தான் திருகினேன். நீர் உயிரோடு இருந்தபோதே நான் சாவியைத் தொட்டால் உமக்குப் பொறுக்காது. இப்போது கல்லறையில் கிடந்தும் விட மாட்டேன் என்கிறீர். மோந்து பாரும், உம் கிட்டாரின் வயிற்றுக்குள் விட்ட கை இன்னும் மரவாசனை அடிக்கிறது. ஒன்றும் உடையவில்லை.

முந்தாநாள் வியாழக்கிழமை உம் மகள் ஸ்டெல்லா அதை அம்பாசமுத்திரத்திலிருந்து பஸ்ஸில் மடியிலேயே வைத்துக் கொண்டுவந்தாள்.

"மாமா, தந்தி எல்லாம் பலகையை விட்டு எழும்பி நிக்கி. அமுக்குனா விரல் கிழியுது."

"உங்கப்பா வாசிக்கும்போது நல்லாத்தான பிள்ளே இருந்தது?"

"போன்ல பார்த்துச் சரியான சுதி வச்சேன். அதுலேருந்து இப்படித்தான்."

நாளைக்கு ஞாயிற்றுக்கிழமை உம்முடைய முதல் வருஷ நினைவு ஜெபம். உமக்குப் பிடித்த கீர்த்தனையை அவள் வாசிக்க வேண்டும், நான் பாட வேண்டும். அதன்பிறகு அவள் கோயிலில் கீபோர்டோடு சேர்த்து வாசிக்க எடுத்துப் போவாளாம். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னிடமிருந்து தப்பித்துக்கொண்டது. மோட்டாருக்குக் காயில் கட்டிப் பிழைத்தவனை நம்பி இதைக் கொடுத்தாள், பாரும்.

கட்டிலைக் கிட்டாருக்குக் கொடுத்துவிட்டு நான் பாயில் படுத்தேன்.

அதன் கழுத்துக்குள் ஒரு இரும்புக் கம்பி ஓடுவதை நீர்தான் எனக்குக் காட்டினீர். ட்ரஸ் ராடு என்றீர். தந்திகள் கழுத்தை முன்னால் இழுக்கும், அந்த இரும்பு எதிர்த்துப் பிடிக்கும். ஒரு சாவியை விட்டு வலது பக்கம் திருகினால் இறுக்கம், இடது பக்கம் தளர்ச்சி. ஐப்பசி மழையில் ஒரு சாயங்காலம் உம் வராந்தாவில் அதை இடது பக்கம் கால் சுற்று தளர்த்தினீர்.

"எதுக்குவே அவுக்கீரு?"

"மழைக்காத்து வே. மரம் தண்ணி குடிச்சிருக்கு."

மறு வருஷமும் மழை வந்தது. நீர் இன்னொரு கால் சுற்று தளர்த்தினீர். நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்தேனா?

"உம்ம கிட்டாருக்கும் வயசாகிட்டு, உமக்கும் வயசாகிட்டு. என் தொண்டையைப் பாரும் வே. கல்யாணத்துக்கு முந்தி பாடுன அதே உயரம்."

"ஆமாவே. உம்ம தொண்டைக்கு வார்னிஷ் அடிச்சிருக்கு," என்று சொல்லிவிட்டுச் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டீர்.

வெள்ளிக்கிழமை காலையில் திருகுவதற்கு முன், ஸ்டெல்லா வைத்த சுதியில் ஒருமுறை பாடிப் பார்த்தேன். மூன்றாவது வரி மேலே ஏறும் இடத்தில் குரல் நின்றுவிட்டது. இருமினேன். வெந்நீர் குடித்தேன். அவளுடைய போனைத் திட்டினேன். பிறகு, என் குரல் நிம்மதியாக உட்காரும்வரை ஒவ்வொரு தந்தியாக இறக்கிக்கொண்டே வந்தேன். உட்கார்ந்ததும் கழுத்தைப் பார்த்தால், அது நிமிர்ந்து நிற்கிறது. நீர் செய்வதுபோலத் தந்தியை இரண்டு முனையிலும் அமுக்கி, நடுவில் தந்திக்கும் பலகைக்கும் இடையே ஒரு விசிட்டிங் கார்டைச் செருகினேன். அளவெடுத்ததுபோல் உள்ளே போனது. சாவியைத் தொடாமலே கழுத்து சரியாக இருந்தது.

மழையாம், காற்றாம். எனக்காகச் சுதியை இறக்கியிருக்கிறீர். தந்தி தளர்ந்ததால் இரும்பையும் தளர்த்தியிருக்கிறீர். உமக்காக இல்லை, நீர் வாயைத் திறந்தால் கோயிலில் பாதிப் பேர் குனிந்து சிரிப்பார்கள். அந்த வராந்தாவில் பாடியது நான் ஒருவன்தான். என் தொண்டை இறங்க இறங்க, நீரும் கூடவே இறங்கி வந்திருக்கிறீர். நான் ஊரெல்லாம் பெருமையடித்துத் திரிந்திருக்கிறேன்.

கோபம் வந்தது. ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா வே?

கோபம் ஆறியதும் புத்தி குறுக்கே ஓடியது. திருகு துருப்பிடித்துவிட்டது, இறக்கி வைத்துத்தான் வாசிக்க முடியும் என்று ஸ்டெல்லாவிடம் சொல்லிவிடலாம். ஞாயிற்றுக்கிழமை நானும் மானத்தோடு பாடிவிடுவேன். பொய்யை இரண்டு தடவை சொல்லிக்கூடப் பார்த்தேன், நன்றாகத்தான் வந்தது. ஆனால் கீபோர்டோடு சேராத கிட்டாரை அவள் என்ன செய்வாள்? அலமாரிக்கு மேலே போட்டுவிடுவாள். வருஷத்துக்கு ஒருமுறை தூசி தட்டுவாள்.

வலது பக்கம் கால் சுற்று திருகினேன். மரம் லேசாக முனகியது. "மிச்சத்தை நாளைக்குப் பார்த்துக்கிடலாம், பையச் செய்யும்" என்பீரே, அப்படியே விட்டேன். இன்று, சனிக்கிழமை காலையில் இன்னொரு கால் சுற்று. அவள் வைத்த சுதிக்கே தந்திகளை ஏற்றினேன். கார்டு சரியாகப் போனது.

மத்தியானம் பஸ் ஏறி உம் வீட்டுக்குக் கொண்டுபோனேன். ஸ்டெல்லா வாசித்துப் பார்த்துவிட்டு விரலை ஊதவில்லை. எனக்கு அதுவே போதும்.

"நாளைக்கு நான் பாட மாட்டேன் பிள்ளே," என்றேன். "ஏன்னா, உங்கப்பா இத்தனை வருஷமா..."

"சுதியை இறக்கி வச்சிருந்தாவ. தெரியும் மாமா."

"உனக்குத் தெரியுமா?"

"அம்மைக்குத் தெரியும். பக்கத்து வீட்டுக்குத் தெரியும். கோயில்ல எல்லாருக்கும் தெரியும். உங்ககிட்ட யாரும் சொல்லக் கூடாதுன்னு அப்பா சத்தியம் வாங்கியிருந்தாவ."

நான் துண்டால் முகத்தைத் துடைத்தேன். வெயில்தான், வேறொன்றும் இல்லை.

"நீங்க பாடுங்க மாமா. மேல போகுத வரியை மட்டும் நான் பாடிக்கிடுதேன்."

"அதுக்கில்ல பிள்ளே. அவர் போறதுக்கு முந்துன வாரம் கூட, உம்ம விரல் மரத்துப் போச்சுன்னு நான் அவரைக் கேலி பண்ணி..."

அடுப்பில் குக்கர் விசில் அடித்தது. அவள் கிட்டாரைத் தோளில் மாட்டிக்கொண்டே எழுந்து உள்ளே போய்விட்டாள். மீதியை உம்மிடம்தான் சொல்ல வேண்டியிருக்கிறது வே.