பச்சைச் சேலைக்குள் இருந்த அடாப்டர்

அம்மா,

உன் பச்சைச் சேலையை உதறியபோது அதன் மடிப்பிலிருந்து ஏதோ ஒன்று தரையில் விழுந்து, கட்டிலுக்கு அடியில் போய் நின்றது. நாளை உன் முதலாம் ஆண்டு நினைவுப் பூசை. பூசை முடிந்ததும் உன் சேலை ஒன்றை யாராவது ஏழைப் பெண்ணுக்குக் கொடுக்க வேண்டும் என்று அத்தை சொல்லியிருந்தார். அப்பாவால் உன் பெட்டியைத் திறக்க முடியவில்லை. சாவியை என்னிடம் நீட்டிவிட்டு ஷேர் ஆட்டோவை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். நான்தான் திறந்தேன். பூச்சி உருண்டை வாசனை முகத்தில் அடித்தது. பிறகு இந்தச் சத்தம்.

குனிந்து எடுத்துப் பார்த்தேன். கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் பாய் கடையில் நான் உனக்கு வாங்கித் தந்த அடாப்டர். மேலே இருந்த பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கப்படவில்லை.

ஒரு வருடமாக, இதுதான் உன்னைக் கொன்றது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

வளைகுடாவில் ஒரு வீட்டில் வேலைக்கு நீ போவது முடிவானபோது நான் பத்தாம் வகுப்பில் இருந்தேன். எதையும் படித்துத் தெரிந்துகொண்டால் பயம் போய்விடும் என்று அப்போது நம்பினேன். நூலகத்தில் தேடிப் படித்து நோட்டில் எழுதி வைத்தேன். அந்த நாட்டிலும் மின்சாரத்தின் அழுத்தம் ஏறக்குறைய நம் ஊர் அளவுதான். உன் செல்போன் சார்ஜரின் முதுகில் பொடி எழுத்தில் இருந்ததை அப்பாவின் கண்ணாடியை வைத்துப் படித்தேன். நூறு வோல்ட்டிலிருந்து இருநூற்று நாற்பது வோல்ட் வரை தாங்கும் என்று இருந்தது. ஆகவே சார்ஜருக்கு ஆபத்தில்லை. ஆபத்து சுவரில் இருக்கும் துளைகளில். நம் சார்ஜருக்கு உருண்டையான இரண்டு முனைகள். அங்கே பட்டையான மூன்று துளைகள். மேலே உள்ள எர்த் துளையில் முனை நுழைந்தால்தான் கீழே உள்ள இரண்டு துளைகளின் மூடி திறக்கும். குழந்தைகள் விரலை விட்டுவிடக் கூடாது என்பதற்காக அப்படிச் செய்திருக்கிறார்கள்.

இதை நான் உனக்கு வாசித்துக் காட்டிக்கொண்டிருந்தபோதுதான் மாமா வந்தார். தன் அக்காவுக்கு, உனக்கு, வேலை வாங்கித் தந்தவர் என்ற பெருமையோடு, அந்த நாட்டில் வேலை பார்த்துத் திரும்பியபோது தான் கொண்டுவந்த ஒரு பிளக் பலகையையும் தூக்கிக்கொண்டு வந்தார்.

“இன்னாத்துக்குக்கா அடாப்டரு? பேனா ஒண்ணு இருந்தா போதும். மேல ஓட்டையில குத்து, கீழ தொறந்துக்கும். சார்ஜர சொருகு. அவ்ளோதான் வேல.”

“மாமா, அப்படிச் செய்யக் கூடாது. உருண்ட பின்னு அதுல சரியா நிக்காது. பாதி வெளிய நிக்கும். கை பட்டா?”

“பட்டா சுர்ருங்கும்! எழுந்து நில்லுங்கப்பா எல்லாரும், டீச்சரம்மா வந்துட்டாங்க. நாங்க ரூம்ல எட்டு பேரும் இப்படித்தாண்டி வருசக்கணக்கா போட்டுக்கினு இருந்தோம்.”

அப்பா சிரித்தார். நீயும் சிரித்தாய். சிரித்துக்கொண்டே என் ஜியோமெட்ரி பெட்டியைத் திறந்து, கட்டுரைப் போட்டியில் எனக்குப் பரிசாகக் கிடைத்த நீலப் பேனாவை எடுத்துக்கொண்டாய். “இத நான் எடுத்துக்கினு போறேன் கண்ணு. ஏர்போட்டுல ஃபாரம் கீரம் எழுதணுமாமே” என்றாய். பரிசுப் பேனா உன்னோடு விமானத்தில் போகப்போகிறது என்று வகுப்பில் எல்லோரிடமும் சொன்னேன்.

மறுநாள் பாய் கடைக்குப் போனேன். அவர் இரண்டு அடாப்டர்களை எடுத்து வைத்தார். “பாப்பா, இதுல ஃபியூஸ் கீது, கொஞ்சம் கனம் ஜாஸ்தி. அது கம்மி கனம், ஆனா ஃபியூஸ் இல்ல. யாருக்கு? அம்மாவுக்கா? அப்ப இதையே எடுத்துக்கினு போ” என்று கனமானதை என் பக்கம் தள்ளினார். உன் பையின் எடை பற்றி வீட்டில் நாள் முழுக்கப் பேச்சாக இருந்த நேரம் அது. நான் கனம் குறைந்ததை எடுத்துக்கொண்டேன். பாய் சொன்னதை உன்னிடம் சொல்லவில்லை.

நீ கிளம்பிய அன்று காலை பையைப் பழைய இரும்புக் கடைத் தராசில் தூக்கி மாட்டினோம். விமானத்தில் விடுகிற எடைக்குச் சரியாக இருந்தது. திரும்பி வந்தால், வாசலில் ஓர் அம்மா நின்றுகொண்டிருந்தார். மலைமேல் இருக்கும் கரியாலூரிலிருந்து முதல் பஸ் பிடித்து இறங்கி வந்தவர். கையில் ஒரு மூட்டை. மலைத்தேன் ஒரு பாட்டில், புளி, தினை மாவு. யாராவது வெளிநாடு போகிறார்கள் என்று காதில் விழுந்தால் போதும், இந்தப் பக்கத்தில் மூட்டைகள் வந்துவிடும். வேண்டாம் என்று சொல்கிற வழக்கம் இல்லை.

“எம் புள்ளையும் அங்கதாம்மா இருக்கான். ஏர்போட்டுக்கே வந்து வாங்கிக்கிறேன்னான். இந்தத் தேன நாக்குல வச்சி மூணு வருசமாச்சாம்.”

“அதுக்கு இன்னாம்மா, குடுங்க” என்றாய். ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. பையை எடுத்துக்கொண்டு தனியாக உள்ளே போனாய். திரும்பி வந்தபோது பை இறுக்கமாக மூடியிருந்தது.

“எதம்மா வெளிய எடுத்த?”

“பச்சப் பொடவ. அங்க யாரு பாக்கப் போறாங்க?”

“அடாப்டரு?”

“உள்ள பத்திரமா இருக்குதுடி. வா, நேரமாவுது.”

எடுத்தது சேலை மட்டும் இல்லை என்று இப்போது தெரிகிறது. நான் பார்த்துவிடக் கூடாது என்று சேலைக்குள் சுற்றி மறைத்திருக்கிறாய்.

அங்கே போன பிறகு நீ தினமும் பேச வேண்டும் என்று நான் அடம்பிடித்தேன். ஒருநாள் பேசவில்லை என்றால் மறுநாள் சண்டை போடுவேன். போனில் சார்ஜ் இல்லை என்பாய். உனக்கென்று விட்டிருந்த பிளக் பாத்திரம் கழுவும் தொட்டிக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது என்றும் சொல்லியிருந்தாய். அடாப்டரில்தானே போடுகிறாய் என்று கேட்டு வாட்ஸப்பில் அனுப்பினேன். நீ குரலில் பதில் அனுப்பினாய்.

“அதுலதான் கண்ணு. நீ வாங்கிக் குடுத்தியே, அதுலதான் போடுறேன்.”

பின்னால் குழாயில் தண்ணீர் கொட்டும் சத்தம். அது இன்னும் அப்பாவின் போனில் இருக்கிறது. இந்த ஒரு வருடத்தில் அதை எத்தனை தடவை கேட்டிருப்பேன் என்று எனக்கே தெரியாது.

அதே வீட்டில் சமையல் செய்த இலங்கை அக்காதான் அப்பாவுக்குத் தகவல் சொன்னார். “ஏனம் கழுவிப்போட்டு ஈரக் கையோட சார்ஜரைச் செருகினவ அண்ணை. கரண்ட் அடிச்சிட்டுது” என்று அழுதார். பிறகு வந்த தாளில் இதயம் நின்றுவிட்டது என்று மட்டும் இருந்தது. ஏன் நின்றது என்று அதில் இல்லை. எனக்கு மட்டும் காரணம் தெரியும் என்று நினைத்தேன். ஃபியூஸ் இல்லாததை எடுத்துக் கொடுத்தவள் நான்.

யாரிடமும் சொல்லவில்லை. பாய் என்னைப் பார்த்துவிடுவார் என்று அந்தத் தெருவையே விட்டுவிட்டுக் கோர்ட்டு பக்கமாகச் சுற்றிக்கொண்டு பள்ளிக்குப் போனேன். ஃபியூஸ் கம்பியைத்தான் காப்பாற்றும், தொட்டவரைக் காப்பாற்றாது என்று பிறகு படித்தேன். சரியான விடை என்று தெரிந்தும் எனக்கு அதை நம்பத் தோன்றவில்லை. அப்பா சாப்பிடாமல் எழுந்து போகும்போதெல்லாம், சொல்லிவிடலாமா என்று வாய் வரைக்கும் வரும். சொன்னால் அவருக்கு நானும் இல்லாமல் போய்விடுவேனோ என்று பயந்து அடக்கிக்கொள்வேன்.

உன் பொருள்களோடு நீலப் பேனாவும் திரும்பி வந்தது. மூடியின் கொக்கி ஒடிந்து, பின்முனை பிளந்து இருந்தது. என்னைப் போலவே நீயும் யோசிக்கும்போது பேனாவைக் கடித்திருக்கிறாய் என்று நினைத்து அதை வைத்துக்கொண்டு அழுதிருக்கிறேன். இன்று அதை ஜன்னலோரம் கொண்டுபோய்ப் பார்த்தேன். பல் பட்ட தடம் எதுவும் இல்லை. பின்முனையில் இரண்டு பக்கமும் நேர்கோடாகக் கீறல்கள். ஒரே துளைக்குள் தினமும் போய்வந்த கீறல்கள்.

சாயங்காலம் மாமா வந்தார். அடாப்டரை அவர் முன்னால் வைத்தேன்.

“எங்க இருந்துச்சு?”

“பொடவைக்குள்ள.”

அவர் அதைத் தொடவில்லை. “எட்டு பேரும் போட்டோம் பாப்பா. ஒருத்தனுக்கும் ஒண்ணும் ஆவல” என்றார். டீச்சரம்மா என்று கூப்பிடவில்லை.

அம்மா, நான் உன்னைக் கொல்லவில்லை என்று தெரிந்துகொண்ட நாள் இது. ஆனால் அதற்கு, நீ என்னிடம் பொய் சொன்னாய் என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. வழியனுப்பும்போது ஒரு பொய். பிறகு அவ்வளவு அன்பான குரலில் இன்னொன்று. எல்லோரும் சேர்ந்து சிரித்தீர்களே, அதைக்கூட மறந்துவிடுவேன். ஆனால் என்னிடம், “இல்லடி, கொண்டு வரல” என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் தினமும் பேசச் சொல்லி உன்னை நச்சரித்திருக்க மாட்டேன். வாரத்துக்கு ஒருநாள் போதும் என்றிருப்பேன். நீ பொய் சொன்னதில் எனக்கு எவ்வளவு பெரிய தண்டனை என்று உனக்குத் தெரியாது. தெரிவிக்க வழியும் இல்லை.

நாளைக்கு அந்தக் கரியாலூர் அம்மாவும் பூசைக்கு வருவாராம். அவரிடம் நான் எதுவும் சொல்லப் போவதில்லை. அவர் கொடுத்தது தேன். அதற்கு இடம் செய்தவள் நீ.

பச்சைச் சேலையைக் கொடுக்கவில்லை. வேறொன்றை மடித்து எடுத்து வைத்திருக்கிறேன். அப்பா வந்ததும் எல்லாவற்றையும் சொல்லப் போகிறேன், நான் மறைத்ததையும் சேர்த்து. அடாப்டரைப் பள்ளிப் பையில் போட்டுக்கொண்டேன். அதன் பட்டை முனைகள் நுழைகிற துளை நம் வீட்டுச் சுவரில் எங்கும் இல்லை. இந்த ஊரில் அதனால் யாருக்கும் உபயோகம் இல்லை. போடுவதற்கு முன்னால் உள்ளங்கையில் வைத்துப் பார்த்தேன்.

கனமே இல்லை, அம்மா.